நாய் இல்லாதவர் போட்ட வேலி

எங்கள் மனைப்பிரிவில் மனிதர்களை நாயின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ப்ரூனோ அப்பா. கல்லூரியில் வேதியியல் நடத்தும் பேராசிரியை கோகோ அம்மா. நான் மின்னல் அப்பா. நான் பெற்ற பிள்ளைகள் இரண்டு உண்டு. படித்து, வேலைக்குப் போய், வருமான வரியும் கட்டுகிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி என்னை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

மின்னல் சிப்பிப்பாறை நாய். ராஜபாளையம், கோம்பை, கன்னி வரிசையில் வரும் நம்மூர் இனம். முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. கரிசல் காட்டில் ஓட வேண்டிய ஜீவனை நான் இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்திருக்கிறேன். முயல் இல்லாததால் கூரியர் பையனை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஓட இடமில்லாத நாய்கள் எங்கள் தெருக்களில் ஏராளம். காலை ஆறு மணிக்கு எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அதே ஆறு மணிக்குத்தான் சர்க்கரைக்காரர்கள் நடக்க வருவார்கள், வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களும் வருவார்கள். அதன் பிறகு நடப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆடிட் சார் விவரிப்பார்.

ஆடிட் சார் கணக்குத் தணிக்கையில் ஆயுளைக் கழித்தவர். நாய் வளர்க்காததால் எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் வாய்க்கவில்லை. அவர் வாசலில் எந்த நாயாவது காலைக்கடனை முடித்துவிட்டுப் போனால் அதைப் படம் எடுத்து, தேதி, நேரம், உத்தேச எடை எல்லாம் குறித்து வாட்ஸாப் குழுவில் போடுவார். கீழே ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்று ஒரு வரி. படத்தில் நாய் இருக்காது. ஆனாலும் நாய் வைத்திருக்கும் அத்தனை பேரும் அதை உற்றுப் பார்த்து, நம்முடையது இல்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொள்வோம்.

டாக் பார்க் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் கோகோ அம்மா. ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்குப் போனவர் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டார். 2018-இல் அந்த ஊர் மாநகராட்சி கட்டியது, 1.3 ஏக்கர், செலவு ஒரு கோடிக்கு மேல். “நாய் விளையாடறதுக்குத் தண்ணித் தொட்டிகூட வச்சிருக்காங்க” என்று அவர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “மேடம், எங்க ஃப்ளாட்ல பல் தேய்க்கத் தண்ணி வந்து மூணு நாள் ஆச்சு.” அந்த யோசனை அங்கேயே வற்றிப்போனது.

அடுத்து ப்ரூனோ அப்பா எழுந்தார். அவர் பையன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். உலகத்தில் எது பேசினாலும் அது அங்கே எப்படி என்று சொல்லாமல் அவரால் உட்கார முடியாது. “பெர்க்லில 1979-லயே டாக் பார்க் வந்தாச்சு. ஓலோன் பார்க்னு பேரு. அமெரிக்காவுலயே அதுதான் முதல். சுரங்க ரயிலுக்காக வீடுகளை எடுத்துட்டாங்க. பாதையை மூடின பிறகு மேல நிலம் சும்மா கிடந்தது. ஜனங்க போராடி வாங்கிட்டாங்க. நாமும் அப்படிச் செய்யலாம்” என்றார். “நம்ம பக்கம் மெட்ரோ வர்றதுக்குள்ள ப்ரூனோவுக்குப் பேரன் பொறந்துடுவான் சார்” என்றார் செயலாளர்.

சும்மா கிடக்கும் நிலம் எங்களிடமும் இருந்தது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். எங்கள் ஓஎஸ்ஆர் நிலத்தில் நவம்பரில் தண்ணீர் தெரியும். மற்ற மாதங்களில் பார்த்தீனியம் தெரியும். நிலத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதன் ஒரு மூலையை நாய்களுக்குக் கேட்டோம். அனுமதி கிடைத்த கதையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். எழுதினால் அனுமதி போய்விடும் என்பதால் பணத்துக்கு வருகிறேன்.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். எங்கள் மதிப்பீடு ஆறு லட்சம். எங்கள் பங்கு இரண்டு லட்சம். இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். எங்கள் தெருவில் நாய்களுக்கு ஆகும் செலவு எனக்குத் தெரியும். கோகோவுக்கு சால்மன் மீன் கலந்த உணவு. அதன் முடிதிருத்தும் செலவில் நான் ஒரு வருடம் முடி வெட்டிக்கொள்வேன். எனக்கு முடி குறைவு என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ப்ரூனோவுக்குப் பிறந்தநாள் கேக் உண்டு. இப்பேர்ப்பட்ட மகாராஜாக்களின் அப்பா அம்மாக்கள் தலைக்கு மூவாயிரம் போட மாட்டார்களா என்று ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பினேன்.

கிளம்பிய வேளை சரியில்லை. உரிமம் எடுக்காத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் சென்னை மாநகராட்சி அறிவித்திருந்தது. நாங்கள் மாநகராட்சி எல்லைக்குச் சற்று வெளியே இருக்கிறோம். ஆனால் பயத்துக்கு ஏது எல்லை? ரசீதுப் புத்தகத்தோடு ஒருவன் வந்து “உங்க வீட்ல எத்தனை நாய்?” என்று கேட்டதும் நாய்கள் உறவு மாறத் தொடங்கின.

“இது எங்க நாய் இல்லை சார். தங்கச்சி வீட்டு நாய். அவங்க கோயம்புத்தூர் போயிருக்காங்க, வர்றவரைக்கும் இங்க இருக்கு.”

“எப்ப போனாங்க?”

“நாலு வருஷம் ஆச்சு சார்.”

இன்னொரு வீட்டில் நாய் மாடிக்காரர்களுடையது என்றார்கள். மாடியில் கேட்டால் கீழ்வீட்டுக்காரர்களுடையது. அது பாவம் படிக்கட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாலாட்டியது. ஒரு வீட்டில் உள்ளே குரைப்புச் சத்தம் பலமாகக் கேட்க, “டிவி சார்” என்று கதவைச் சாத்தினார்கள்.

வசூல் படுத்துவிட்டது. அப்போதுதான் பொருளாளர் கோயில் திருவிழாவை நினைவுபடுத்தினார். பெயர் போட்டால் பணம் வரும் என்பது நம் ஊரில் நிரூபணமான விஷயம். டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் போக மிச்சமிருக்கும் இடத்தில் வெளிச்சம் வருவதை எல்லாக் கோயிலிலும் பார்க்கலாம். அதே மாதிரி பெஞ்சுக்கு ஒரு தொகை, வேலிக்கு ஒரு தொகை, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தொகை, எல்லாவற்றிலும் பெயர்ப் பலகை என்று அறிவித்தோம்.

நான்தான் முதல் ஆளாக அப்பா பெயரில் ஒரு பெஞ்ச் என்று எழுதினேன். வீட்டில் மனைவி கேட்டாள்: “மாமாவுக்கு நாயே ஆகாதே. அந்தப் பெஞ்ச் மேல ஏதாவது ஒண்ணு காலைத் தூக்கினா என்ன செய்வீங்க?” அந்தக் கேள்வி மறுநாளே எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் தெருவில் செய்தி பரவ வாட்ஸாப் தேவைப்படுவதில்லை. பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, பலகையை உயரத்தில் மாட்ட முடியுமா என்றார்கள். ஆண் நாய் காலைத் தூக்கினால் எதுவரை எட்டும் என்று சங்கக் கூட்டத்தில் அளவு நாடாவோடு ஒரு விவாதம் நடந்தது. ப்ரூனோவை வைத்துக் கணக்கிட்டால் இரண்டடி. பின்னாளில் யாராவது கிரேட் டேன் வாங்கினால்? பாதுகாப்புக்காக ஆறடி என்று முடிவானது. வேலியே ஐந்தடிதான். பெயரை வானத்திலா மாட்டுவது என்று அந்தத் திட்டமும் நின்றது.

இந்த நிலையில் ஒரு சாயங்காலம் ஆடிட் சார் வந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் காசோலை நீட்டினார். நான் தேதியைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன்.

“நாய்க்குக் குடுக்கல சார். என் வாசலுக்குக் குடுக்கறேன்” என்றார். “எல்லா நாயும் அந்த வேலிக்குள்ள போகணும். வேலை அங்கயே முடியணும். பேர் வேண்டாம், ரசீது வேண்டும்.”

அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. மார்கழிக் கோலத்தின் நடுவில் தினமும் நான்கு கால் தடம் கண்டு மனம் நொந்த எதிர்வீட்டு மாமி, மின்னலைக் கண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடும் சிறுவனின் தாயார், நடைப்பயிற்சி அணியினர், கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். இவரிடம் நான் காரணம் கேட்கவில்லை. இரண்டு லட்சம் நிறைந்தபோது கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். நாய் உள்ளவர்கள் எழுபதாயிரம். நாய் இல்லாதவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரம். நாயை நேசிக்கிறவர்கள் நாயைச் சோபாவில் வைத்துக்கொள்கிறார்கள்; அதற்குச் செலவில்லை. நாயைப் பிடிக்காதவர்களுக்குத்தான் அதை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டிய அவசரம்.

பணம் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? வேலைக்கான குழுவில் ஆடிட் சார்தான் தலைவர். இதற்குள் நாய்ப் பூங்காக்களைப் பற்றி எங்கள் எல்லாரையும்விட அதிகம் படித்து வைத்திருந்தார். வாசலுக்கு ஒரே கேட் போதாது, இரட்டைக் கேட் வேண்டும் என்றார். வெளிக் கேட்டைச் சாத்திய பிறகுதான் உள் கேட்டைத் திறக்க வேண்டும். நடுவில் உள்ள சின்ன இடத்தில் சங்கிலியைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் ஒன்று உள்ளே வரும்போது இன்னொன்று வெளியே பாயாது. குட்டி நாய்களுக்குத் தனித் தடுப்பு வேண்டும் என்றார். கோகோவை ப்ரூனோ விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக்கூடாதாம்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, முதலில் மண் அடித்து மேடாக்குங்கள் என்றார். தேங்கிய தண்ணீரும் எலியும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல். அது நாய்க்கு வந்தால் மனிதருக்கும் வரலாம். ஒரு பெருந்தொகை லாரி லாரியாக மண்ணுக்குள் போனது. எதிர்வீட்டு மாமி பூஜைக்கும் ஆயிற்று, வேலி ஓரத்துக்கும் ஆயிற்று என்று அரளிக் கன்றுகள் கொண்டுவந்தார். அரளி இலையைக் கடித்தால் நாய்க்கு உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் பதறினார். மாமி கன்றுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டபோது, அவர் அதை முன்பே அறியாதவர்தானா என்று ப்ரூனோ அப்பா என் காதில் கேட்டார். நான் மாமியின் பக்கம்.

புல்லா மணலா என்ற சண்டையைக் கோகோ அம்மா வேதியியலால் தீர்த்தார். நாய்ச் சிறுநீரில் இருப்பது யூரியாதான். வயலுக்குப் போடுவதும் அதேதான். ஒரே இடத்தில் அளவுக்கு மிஞ்சி விழுந்தால் புல் கருகிவிடும். ஆகவே நடுவில் புல், வேலி ஓரம் மணல், நிழலுக்குப் புங்கன்.

கஷ்டமான கேள்வி கடைசியில் வந்தது. மனைப்பிரிவின் காவலாளியிடம் சோறு வாங்கித் தின்றுகொண்டு இரவெல்லாம் காவல் காக்கும் தெருநாய்களை என்ன செய்வது? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தில்லித் தெருநாய்களைப் பற்றிப் பதினொன்றாம் தேதி ஓர் உத்தரவு போட்டு, இருபத்திரண்டாம் தேதி அதை மாற்றியிருந்தது. எங்கள் சங்கம் எம்மாத்திரம்? ஆடிட் சார் 2023-ஆம் வருடத்து விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை அச்செடுத்து வந்து சத்தமாகப் படித்தார். தெருநாய்களுக்கு உணவளிக்க இடம் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படித்தார். “நமக்கு எதிராத்தான் இருக்கு. ஆனா விதி விதிதான்” என்றார். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசலுக்கும் தள்ளி, வேலிக்கு வெளியே ஒரு மூலையில் அவற்றுக்கு இடம் ஒதுக்கித் தீர்மானம் போட்டார். இந்த மொத்தப் பூங்காவில் உருப்படியாக நடந்த காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். தண்ணீர்த் தொட்டியும் அவர் செலவு. அதற்கும் ரசீது வாங்கிக்கொண்டார்.

திறப்பு நாளில் மின்னலை அவிழ்த்துவிட்டேன். ஒரு சுற்று ஓடியது. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. கேட்டருகே வந்து நின்று ‘அவ்வளவுதானா?’ என்று என்னைப் பார்த்தது. கோகோ இறங்கவே மறுத்தது; அதற்குப் புல் பழக்கமில்லை. மற்ற நாய்கள் மரக்கன்றுகளை மோந்து பார்க்க, அப்பா அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே ஆடிட் சார் ஒரு நோட்டில் யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டின் பயன் வருடாந்திரக் கூட்டத்தில் தெரிந்தது. பராமரிப்புக்கு மாதம் இருநூறு என்று தீர்மானம் வந்ததும், வழக்கம்போல் எல்லா நாயும் தங்கச்சி வீட்டுக்குப் போகத் தயாரானது. ஆடிட் சார் நோட்டைத் திறந்து பெயர், தேதி, நுழைந்த நேரம் எல்லாம் வாசித்தார். கோயம்புத்தூர்த் தங்கச்சியின் நாய் மாதத்தில் இருபத்தாறு நாள் வந்திருக்கிறது. முழுப் பணமும் வசூலானது.

அவர் வாசல் இப்போது சுத்தமாக இருக்கிறது. அதனால் அவருக்குப் பொழுது போகவில்லை என்று நினைக்கிறேன். போன வாரம் வேலி போட்ட அதே ஒப்பந்தக்காரரை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் ஏசி பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த புறாக்களைக் காட்டினார். ஓஎஸ்ஆர் நிலத்தின் இன்னொரு மூலையில் புறாக்களுக்கும் ஒரு பூங்கா, மேலே வலை, மதிப்பீடு வேண்டும், முதல் தவணை தன்னுடையது என்றார்.

ஒப்பந்தக்காரர் அளவு நாடாவை நீட்டிவிட்டு யோசித்தார்.

“வலை போட்டுடலாம் சார். ஆனா அதுங்களை உள்ள யார் கூட்டிட்டு வர்றது?”

“அதையும் சேர்த்து எழுதுங்க” என்றார் ஆடிட் சார்.