பாராட்டு மொய்

தமிழ்ப் புலவர் மரபில் விமர்சனம் என்பது உடம்புக்கு ஆகாத விஷயம். பிழையாகப் பாடுகிறவர்களின் தலையில் பிள்ளைப் பாண்டியன் குட்டுவாராம். வாதத்தில் தோற்றவர்களின் காதை வில்லிபுத்தூரார் துறட்டியால் அறுத்துவிடுவாராம். ஒட்டக்கூத்தரிடம் மாட்டினால் தலையே மிஞ்சாதாம். எல்லாம் கட்டுக்கதைதான் என்றாலும், தமிழாசிரியர் இவற்றை வகுப்பில் ரசித்துச் சொன்னபோது, கடைசி பெஞ்சில் கவிதை எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அதனாலோ என்னவோ, கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் நாங்கள் தொடங்கிய இலக்கிய வட்டத்தில் எவருக்கும் எந்தச் சேதாரமும் வராமல் பார்த்துக்கொண்டோம்.

சனிக்கிழமை சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கூடுவோம். கதை வாசிக்கிறவன்தான் டீ வாங்கித் தர வேண்டும் என்பது சட்டம். டீயோடு நிறுத்திக்கொண்டால் "நல்லாருக்குல" என்று ஒரு வார்த்தை கிடைக்கும். வாழைக்காய் பஜ்ஜியும் சேர்ந்தால் ஜெயகாந்தனுக்கு இணை வைப்போம். ஒரு தடவை முட்டை போண்டா வாங்கித் தந்தவனை ரஷ்யா வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் டால்ஸ்டாய் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி உண்டு. பொருளாதாரம் படித்தவன் கதை கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். உருகிவிட்டான் என்று எழுதியவன் நினைப்பான். அவன் இரண்டாம் பத்தியிலேயே தூங்கியிருப்பான். தாவரவியல்காரன் எந்தக் கதைக்கும், "முடிவை மட்டும் வாசகர்கிட்ட விட்ருல" என்பான். முடிவே எழுதாமல் ஒருவன் கதை கொண்டுவந்த அன்றும் அதையேதான் சொன்னான். கவிஞன் ஒருவன் இருந்தான். உரைநடை எது கேட்டாலும், "ஏல, இது கதை இல்ல, கவிதை!" என்று கண் கலங்குவான். அவன் கவிதையைக் கேட்டுவிட்டு யாரோ, "இது கவிதை இல்ல, கதைடே!" என்று அதே உருக்கத்தோடு சொல்லப்போக, சில வாரங்களுக்கு அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

எங்களுக்குள் பாராட்டு என்பது கல்யாண வீட்டு மொய்தான். என் கதைக்கு அவன் வைத்ததை அவன் கவிதைக்கு நான் திருப்பி வைத்தாக வேண்டும். கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் கௌரவம். அவன் 'அருமை' வைத்தால் நான் 'அபாரம்' வைப்பேன். அடுத்த முறை அவன் 'உலகத் தரம்' என்று எழுதிவிட்டுப் போவான். இப்படியே ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் நோபல் பரிசுக்கு மேல் வைக்க ஒன்றும் இல்லாமல் எல்லாருமே கடனாளியாக நின்றோம்.

கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடத்தினோம். ஒரே ஒரு பிரதி. யாருக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததோ அவனே ஆசிரியர். கடைசியில் சில வெள்ளைத் தாள்களை வாசகர் கருத்துக்காக விட்டு, வீடு வீடாகச் சுற்றுக்கு அனுப்புவோம். ஒரு நண்பனின் அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி, தேதியோடு சுருக்கொப்பமும் போட்டிருந்தார். இன்னொரு வீட்டில், 'அட்டைப்படம் மிக நன்று. உள்ளே படிக்க நேரமில்லை. தொடர்க உங்கள் பணி!' என்று வாழ்த்தியிருந்தார்கள். வேறொரு வீட்டில் பால் கணக்கு எழுதியிருந்தார்கள். அதில் கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இந்தத் தாள்களின் ஓர் ஓரத்தில், நண்பனின் தங்கை, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், பென்சிலால் எழுதியிருந்தாள்: 'பேரனின் கடிதத்தை ஆச்சி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிற இடம் பிடித்தது. எங்கள் ஆச்சியும் இப்படித்தான். ஆனால் அடுத்த பக்கத்திலிருந்து ஆச்சியைக் காணோமே, எங்கே போனார்கள்?'

கதை என்னுடையது. உலகத் தரம் என்று மைதானத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிய கதை. தீர்மானத்தை முன்மொழிந்தவன், வழிமொழிந்தவன் எவனும் ஒரு வயதான மனுஷி காணாமல் போனதைக் கவனிக்கவில்லை. அன்று ராத்திரியே ஆச்சியைத் தேடிப் பிடித்துக் கதைக்குள் கூட்டிவந்தேன். கையோடு அடுத்த கதையும் எழுதத் தோன்றியது. நோபல் பரிசு வாங்கிய வாரங்களில் அப்படித் தோன்றியதே இல்லை.

நம்மை ஒருவர் படித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி கிடைப்பதுதான் ஊக்கம். இதற்குப் பெரிய முன்னோடி எங்கள் பக்கத்து ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணன் (1920–2006). 1978இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். புதிதாக எழுத வந்தவர்களையும் சிற்றிதழ்களையும் சளைக்காமல் படித்துவிட்டு அஞ்சலட்டை போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரையும் பாராட்டுகிறார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் படித்துவிட்டுப் பாராட்டினார். எங்கள் வட்டத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

கோவில்பட்டி பக்கம் இடைசெவலில், 1923ஆம் ஆண்டில் பிறந்த இரண்டு சிநேகிதர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 1970இல் அழகிரிசாமிக்கும், 1991இல் கி.ரா.வுக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு சின்னக் கிராமத்துக்கு இரண்டு விருது. கடித உறையில் முட்டை போண்டா வைத்து அனுப்ப முடியாது என்பது தமிழ் இலக்கியத்துக்கு நல்லதாய்ப் போயிற்று.

ஆகவே, ஒரு சிநேகிதர் தாளை நீட்டி "எப்படி இருக்குன்னு சொல்லு" என்றால், முதலில் படித்துவிடுங்கள். பிடித்த இடம் ஒன்றைப் பக்கம் காட்டிச் சொல்லுங்கள். விளங்காத இடம் ஒன்றைக் கேள்வியாகக் கேளுங்கள். அது போதும். நோபல் பரிசை ஸ்வீடன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.