பினோசேயைப் பாராட்டலாமா?

கேள்வி: சிலி நாட்டை ஆண்ட பினோசே சர்வாதிகாரிதான். ஆனாலும் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தினாரே, அதையாவது பாராட்டக் கூடாதா? (வாசகர், கரூர்)

பதில்: முதலில் அந்தக் கணக்கே தப்பு. 1982இல் அவர் ஆட்சியில்தான் வங்கிகள் கவிழ்ந்தன. ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. சரி, பொன்னாகவே விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். கலாமா நகரத்துப் பெண்களிடம் போய் இதைக் கேட்க முடியுமா? 1973 அக்டோபரில் அவர்களுடைய கணவன்மார், பிள்ளைகள், சகோதரர்கள் என 26 பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. உடலைக்கூடத் தரவில்லை. மண்வெட்டியும் கையுமாக அட்டகாமா பாலைவனத்தை ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள் அந்தப் பெண்கள். 1990இல் கிடைத்தவை சிறு சிறு எலும்புத் துண்டுகள்தான். உடல்களை இயந்திரம் வைத்துப் பெயர்த்து ராணுவம் வேறெங்கோ கொண்டுபோயிருந்தது. கொன்றதும் போதாமல் பிணத்தையும் திருடிய ஆட்சிக்குப் பாராட்டு ஒரு கேடா? கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 3,000 பேருக்கு மேல், சித்திரவதைப்பட்டவர்கள் பல்லாயிரம். 1998இல் லண்டனில் கைதானவர், உடல்நலத்தைக் காரணம் காட்டி ஊர் திரும்பினார். ஒரு வழக்கிலும் தண்டனை பெறாமலே 2006 டிசம்பர் 10 அன்று இறந்தார். அன்று உலக மனித உரிமைகள் நாள்.