ஆமாம், இல்லை, தெரியாது: கையடக்க ஊகக் கருவி குறித்து நன்னூல் வழியில் ஓர் ஆய்வு

உள்ளங்கையில் அடங்கும் உருண்டை ஒன்று, நாம் மனத்தில் நினைத்த பொருளை இருபது கேள்விகளில் கண்டுபிடித்துவிடுகிறது. அதை வாங்கியவர் கீழே வைக்க மறுப்பது ஏன் என்பதை அறிஞர் உலகம் இன்னும் உரிய மரியாதையோடு ஆராயவில்லை. கனடாக்காரர் ராபின் பர்கெனர் 1988-ல் செயற்கை நுண்ணறிவுச் சோதனையாகத் தொடங்கியதை, ரேடிகா நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டுவென்டி கியூ’ என்ற பெயரில் பொம்மையாக விற்றது. கருவி சரியாகச் சொல்லிவிடும் வியப்புதான் கவர்ச்சி என்பது பொதுக் கருத்து. அப்படியானால் பூனை, வாழைப்பழம், குடை மூன்றையும் அது கண்டுபிடித்த கையோடு ஆட்டம் சலித்திருக்க வேண்டும், சலிப்பதில்லை. ஆகவே கவர்ச்சி கேட்பவரிடம் இல்லை, பதில் சொல்பவரிடம் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லித் தப்பிக்கும் வாய்ப்பு தமிழருக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை.

இதற்குச் சான்று பவணந்தி முனிவரிடமே உண்டு. அவரது 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறது. எட்டில் ‘ஆமாம்’ என்னும் நேர்விடை ஒன்று, ‘இல்லை’ என்னும் மறைவிடை ஒன்று, சுட்டிக்காட்டும் சுட்டுவிடை ஒன்று. மிச்சம் ஐந்தும் சுற்றி வளைக்கும் கலை. மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பத்து காவானில் ஒருவரிடம் “நாளைக்குத் தீவுக்குப் போறியா?” என்று கேட்டுப் பார்க்கலாம். “நீயே போயேன்” என்றால் ஏவல் விடை, “போகாம இருப்பேனா?” என்றால் வினாவெதிர் வினாதல், “நேத்துதான் பாலத்துல மாட்டிக்கிட்டேன்” என்றால் உற்றது உரைத்தல், “பாலம் ஜேம் ஆகும்” என்றால் உறுவது கூறல், “பட்டர்வொர்த் போறேன்” என்றால் இனமொழி. ஐந்து பேரும் பதில் சொல்லிவிட்டார்கள்; போகிறார்களா இல்லையா என்பதைக் கேட்டவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். கேள்விகளின் நிலை இதைவிட மோசம். “இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்கியா?” என்று கல்யாண வீட்டில் கேட்கும் அத்தைக்குப் பதில் முன்பே தெரியும், அது அறிவினா. “எப்போ கல்யாணச் சாப்பாடு?” என்பது கேள்வி வேடம் போட்ட ஏவல் வினா. கருவியோ உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறது. முதல் கேள்விகள் தூய அறியா வினா; முடிவை நெருங்குகையில் “அது பூனையா?” என்பது ஐயவினா. உள்நோக்கம் எதிலும் இல்லை.

இந்த ஆய்வுக்குப் பத்து காவானைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது. தோட்ட நிலமாக இருந்த இவ்வூர் இன்று தொழிற்பேட்டை. இங்குள்ள மைக்ரான் ஆலையில் நினைவகச் சில்லுகளைப் பொதித்துச் சோதிக்கிறார்கள். சோதனை இயந்திரம் ஒவ்வொரு சில்லையும் கேள்வி கேட்கிறது. முடிவு பாஸ் அல்லது ரிஜெக்ட். “பாலம் ஜேம் ஆகும்” என்று எந்தச் சில்லும் பதில் சொல்வதில்லை. ஷிஃப்ட் முழுவதும் இத்தகைய நேர்மையைப் பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறும் தொழிலாளிக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் முதல் கேள்வியே இலக்கணச் சிக்கலாகிவிடுகிறது. அந்த பஸ் கடக்கும், 2014 மார்ச் 1-ல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலத்தின் நீளம் 24 கி.மீ.; அதில் 16.9 கி.மீ. கடலுக்கு மேல். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 18 நிமிடம், இறங்கித் தப்பிக்கவும் வழியில்லை. கையடக்கக் கருவியின் பயன் இங்கேதான் விளங்கும்: தலையைக் குனிந்து பொத்தானை அழுத்துகிறவரை எவரும் கேள்வி கேட்பதில்லை.

மறுப்புகளைப் பார்ப்போம். இது வெறும் கணக்கு என்பார் ஒருவர். ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில்கள் இருபது முறை கிளைத்தால் 1,048,576 பொருள்களைப் பிரித்தறியலாம். கணக்கு சரி, ஆனால் ஆடுபவர் யாரும் பெருக்கிப் பார்த்து மகிழ்வதில்லை. கருவியில் ‘சில சமயம்’, ‘தெரியாது’ என்ற பொத்தான்களும் உண்டே, அவை மழுப்பல் அல்லவா என்பார் இன்னொருவர். மழுப்பலுக்குத்தான் நன்னூலிலேயே ஐந்து வழி இருக்கிறதே. அந்த எட்டு விடைகளில் ‘தெரியாது’ என்பதற்குத் தனி இடமில்லை. புலவர் யாரும் அப்படிச் சொல்லும் தேவை எழவில்லை போலும். அதற்கென்று ஒரு பொத்தானே வைத்தது நம் விடையிலக்கணத்துக்குக் கிடைத்த ஒன்பதாம் வகை. இதெல்லாம் கைப்பேசியில் இலவசமாக வந்துவிட்டதே, 2007 முதல் ‘அகினேட்டர்’ இதே வேலையைச் செய்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே வலுவானது. ஆனால் கைப்பேசியில் பதினேழாவது கேள்விக்கு விடை யோசிக்கும்போது அத்தை அழைப்பார். அழைப்பு வராத கருவி என்பதே பழைய பொம்மையின் தொழில்நுட்ப மேன்மை.

எல்லாப் பதில்களையும் கேட்டபின் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கடைசிச் சான்று. இருபதில் பிடிபடாவிட்டால் இன்னும் சில கேள்விகள் கேட்கும், இருபத்தைந்தோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குமேல் விடாமல் துருவாது, அம்மாவிடம் போய் விசாரிக்காது, அடுத்த விசேஷத்தில் அதே கேள்வியோடு காத்திருக்காது. நீங்கள் ஜெயித்தீர்கள் என்று ஒப்புக்கொள்ளும். உறவுமுறையில் எந்தக் கேள்வியாளரும் இதுவரை அதைச் சொன்னதாகச் சான்றில்லை.