பூவரசம் பீப்பி: மழலையர் கைவினை குறித்த ஓர் ஆராய்ச்சி

பூவரச இலையைச் சுருட்டி ஊதுவது விளையாட்டு என்றே உலகம் இதுவரை நம்பி வந்திருக்கிறது. அது தாவரவியலும் இசையியலும் குடும்பச் சமூகவியலும் கூடும் முச்சந்தி என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு உட்பட்டோர் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள். களம், வீடும் வீட்டைச் சுற்றிக் கூப்பிடு தூரமும். காலம், பள்ளி விட்டு வந்தது முதல் விளக்கு வைக்கும் வரை. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் ஆய்வுக்குரியதே; பாட்டி கண்ணயரும் மதியப்பொழுது மட்டும் விலக்கு.

முதற்கண் மரத்தை அறிமுகம் செய்ய வேண்டும். மரபு அப்படி. பருத்தி, வெண்டை, செம்பருத்தி ஆகியவற்றின் நெருங்கிய சுற்றம் பூவரசு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்கு ஹைபிஸ்கஸ் பாபுல்னியஸ் என்று பெயரிட்டார். பின்வந்தோர் செம்பருத்திக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தெஸ்பீசியா என்னும் பேரினத்தில் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தார்கள். பாப்லர் மரத்தின் இலையைப் போன்றது என்பதைத்தான் லின்னேயஸ் தம் பெயரில் குறித்தார். ஸ்வீடன் நாட்டில் உட்கார்ந்துகொண்டு இலையின் வடிவத்தை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான் தோன்றும். தஞ்சை மாவட்டத்து வாய்க்கால் கரையில் வளர்ந்த எந்தப் பையனும் வடிவத்துக்கு முன் ஓசையைச் சொல்லியிருப்பான்.

இனிப் பாகுபாடு. இயற்கைப் பொருள்களைக் கொண்டு குழந்தைகள் செய்யும் கைவினைகளைப் பிரிக்க நமக்கு அயலார் உதவி வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பகுத்து, ஓலையைப் புல்லுக்கும் இலையை மரத்துக்கும் உரிமையாக்கிவிட்டது. ஆகவே தென்னை ஓலைக் கைக்கடிகாரம், ஓலைக் கண்ணாடி, ஓலைப் பாம்பு, பனை ஓலைக் காற்றாடி ஆகியவை புல்லினக் கைவினைகள். இவற்றுள் கைக்கடிகாரம் தனி ஆய்வுக்குத் தகுதியுடையது. படிக்க உட்காரும் நேரம் ஆகிவிட்டதா என்பதை அது ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தைகள் அதை இத்தனை தலைமுறையாக விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நுங்கு தின்ற பிறகு மிஞ்சும் கூந்தல்களைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி, போக்குவரத்துத் துறையின் எல்லைக்குள் வருவதால் ஈண்டு விடப்பட்டது. எஞ்சி நிற்பது மரவினக் கைவினை. அதன் தலைமகன் பூவரசம் பீப்பி.

அற்றேல், தென்னை ஓலையிலும் பீப்பி உண்டே எனின், உண்டு, யாரும் மறுக்கவில்லை. ஓலையைத் திருகுத் திருகாகச் சுற்றிக் கொம்புபோல் விரித்து ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்துவார்கள். ஊருக்கே கேட்கும். ஆனால் ஓலையைக் கிழித்து, ஈர்க்கை உருவி, சுற்று அவிழாமல் பிடிக்க ஒரு மாமாவோ சித்தப்பாவோ வேண்டும். மாமா தேவைப்படும் கருவியை மழலையர் கருவி என்று ஏற்பதில் இவ்வாய்வாளருக்குத் தயக்கம் உண்டு. பூவரசம் பீப்பிக்குக் கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். இரண்டு கைகளும் ஒரு வாயும் போதும்.

செய்முறையைப் பெரியவர்கள் பொருட்டு எழுதிவைக்கிறேன், சிறியவர்களுக்குத் தெரியும். கொழுந்து இலை ஆகாது, எச்சில் பட்டதும் துவண்டு ஒட்டிக்கொள்ளும். முற்றல் ஆகாது, சுருட்டும்போதே நரம்போடு பிளக்கும். இரண்டுக்கும் நடுவே, பளபளப்பு வந்தும் விறைப்பு வராத இலையைப் பறித்து, புழுதி போகக் கழுவித் துடைக்க வேண்டும். அடியில் கம்பளிப்பூச்சி குடியிருக்கிறதா என்று பார்ப்பதும் செய்முறையின் அங்கமே. காம்பைக் கிள்ளிவிட்டு, ஓர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டினால் குழல் ஆயிற்று. ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி, உதடுகளுக்கு நடுவே வைத்து ஊத வேண்டும். ஓசை வரவில்லையானால் நசுக்கியது அதிகம். வெறும் காற்று வந்தால் நசுக்கியது போதவில்லை. குழந்தை கற்க வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தைத்தான். அதை யாராலும் வாயால் விளக்கிவிட முடியாது, ஊதும் வாயால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல்வித் துறையார் பாடந்தோறும் எழுதும் ‘கற்றல் விளைவுகள்’ பட்டியலில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டால், எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம்.

இதன் இசையியல் சிறிது விரிவாகப் பார்க்கத்தக்கது. நசுக்கிய முனையில் இலையின் இரு மடிப்புகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. ஊதும் காற்று அவற்றை விலக்குகிறது, விலகியவை உடனே மூடிக்கொள்கின்றன, மறுபடி விலகுகின்றன. இப்படி நொடிக்குப் பலநூறு தடவை திறந்து மூடுவதால் உண்டாகும் அதிர்வே நாம் கேட்கும் ஓசை. நாகசுரத்தின் சீவாளியில் நடப்பதும் இதுவே. இரண்டும் ஒரே கொள்கையில் இயங்குபவை. வேறுபாடெல்லாம் பொருளிலும் பொறுமையிலும்தான். சீவாளி கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. குழல், கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவது. அந்த நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பீப்பியில் சீவாளியும் குழலும் அடிவாயான அணைசும் எல்லாம் ஒரே இலை. நாகசுரக்காரர் மாற்றுச் சீவாளிகளை நூலில் கட்டிக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பார். நம் கலைஞர் மாற்று இலைகளைக் கால்சட்டைப் பையில் வைத்திருப்பார். அவை அங்கேயே துவையலாகித் துணி துவைக்கும் இயந்திரம் வரை போவதுண்டு.

குழல் நீண்டால் சுருதி இறங்கும். இதைச் சோதிக்க ஓர் இலையின் மேல் இன்னொன்றாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உயர்ந்த சுருதியில் ஒலித்த திமிரியை விட்டு நீண்ட பாரி நாயனத்துக்கு வந்ததும், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒற்றை இலையை விட்டு மூன்று இலைக்கு வந்ததும், ஒலியியல் நோக்கில் ஒரே திசையில் வைத்த அடிகள். முன்னவர் செய்ததை ஊர் கொண்டாடியது. பின்னவனுக்கு மரத்தை மொட்டையடித்தான் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

துறையில் போட்டிக் கருவி ஒன்றும் இருந்தது. கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா நாடு முழுவதும் பரப்பிய உறிஞ்சுகுழல் ஊதல் அது. குளிர்பானக் குழலின் ஒரு முனையை நசுக்கி, கூராக வெட்டி ஊத வேண்டும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரித்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும். பாடம் நடத்த இதைவிட அழகான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டபோது உறிஞ்சுகுழலும் பட்டியலில் சேர்ந்தது. பூவரசைத் தடை செய்யும் அரசாணை எதுவும் வரவில்லை. வரலாற்றில் கருவிகள் சில வேளை இப்படியும் வெல்கின்றன.

மேலைக் கல்வியாளர் இதுபற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்கும் வாசகர் உண்டு. அவர்களைத் திருப்திப்படுத்தாமல் ஆய்வேடு நிறைவு பெறாது. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்தார், அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கி, குழந்தைகளை மலைச் செடிகொடிகளுக்கு நடுவே கவனித்தார். அவருடைய முறையில் இலை வடிவங்களுக்கென்றே மரத்தாலான இழுப்பறைப் பெட்டி ஒன்று உண்டு. குழந்தை இழுப்பறையைத் திறந்து, இதய வடிவ இலையின் விளிம்பை விரலால் தடவி அறிய வேண்டும். அருமையான முறை. ஆயினும் அப்பெட்டியின் இதய வடிவ இலை மரத்துண்டு, சுருட்ட வராது. அடையாற்றின் கரையோரத்தில் அதே வடிவில் சுருட்ட வரும் இலைகள் கிடைத்திருக்கும் என்பதை மட்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இப்போது ஆய்வின் மையக் கருத்துக்கு வருகிறேன்.

இன்றைய மழலையர் கைவினை பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு வாட்ஸாப்பில் பிறக்கிறது. ‘நாளை இயற்கைப் பொருள்களால் ஒரு விலங்கு செய்து கொண்டுவரவும்.’ அம்மா அரச இலையில் மயில் செய்ய உட்காருகிறாள். அப்பா ஃபெவிகால் தேடித் தெருக்கோடிக் கடைக்கு ஓடுகிறார். மயிலுக்குக் கண் வைக்கக் குன்றிமணி அழகாக இருக்கும் என்கிறார் தாத்தா. அது நஞ்சு, பிள்ளைகள் வாயில் போட்டுவிடும் என்று மிளகு வைக்கப்படுகிறது. ஆய்வுக்கு உட்பட்ட குழந்தை அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது. மறுநாள் வகுப்பறையில் இருபது முப்பது மயில்கள் வரிசையாக நிற்கும். எந்த மயில் எந்த அம்மாவுடையது என்று சொல்லிவிடலாம். எந்தக் குழந்தையுடையது என்று சொல்ல முடியாது. சில இல்லங்களில் பைன் மரக் கூம்பும் உலர்ந்த இலைகளும் அடங்கிய பெட்டியை இணையத்தில் தருவிக்கிறார்கள். வெளிநாட்டுக் கைவினைப் படங்களில் அக்டோபரில் இலைகள் சிவந்து உதிர்கின்றன. நமக்கோ அக்டோபரில் அடைமழை. நம்மூரில் சிவந்து உதிர்வது நாட்டு வாதாம் இலை. வாசலில் கிடந்தால் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் பெட்டி வரக் காத்திருக்கிறோம்.

பீப்பியை இவ்வாறு களவாட முடியாது. அஃதென்னையோ எனின், இரவில் சுருட்டிய பீப்பி காலையில் ஊதாது. இலை வாடி மடிப்பு விறைத்துவிடும். நேற்றைய பீப்பியைப் பள்ளிக்கு எடுத்துப்போய் ஆசிரியையிடம் காட்டினால் அது உலர்ந்த வெற்றிலைச் சுருளாகத்தான் தெரியும். எடுத்துச் செல்ல முடியாததற்கு மதிப்பெண் போட முடியாது. மதிப்பெண் போட முடியாததைப் பெற்றோர் செய்து தருவதில்லை. எனவே வீட்டில் உண்டாகும் கைவினைகளில் குழந்தை தானே செய்தது என்று ஐயமின்றிச் சான்றளிக்கத்தக்கது பீப்பி ஒன்றே. சில தந்தையர் இதையும் கைப்பற்ற முயல்வதுண்டு. ‘குடு, அப்பா ஊதிக் காட்றேன்’ என்று வாங்கி, கழுத்து நரம்பு புடைக்க ஊதி, வெறும் காற்றை வெளியிட்டு, ‘இந்த இலை சரியில்ல’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மரத்தின் பிற பயன்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். காய்க்குக் காம்போடு பம்பரமாகச் சுழலும் குணம் உண்டு. பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து வாடும்போது செந்நிறமாகும். வண்ணங்களைக் கற்பிக்க அட்டை வாங்க நினைப்பவர்கள் கீழே விழுந்து கிடக்கும் பூக்களை வரிசையாக அடுக்கச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பூவரசங் கதியால்களை நட்டு வேலி அடைப்பார்கள், ஆகையால் அங்கே மூலப்பொருள் கைக்கெட்டும் உயரத்திலேயே துளிர்க்கும். இலையில் மாவை வைத்து மடித்துக் கொழுக்கட்டையும் அவிப்பதுண்டு. கொழுக்கட்டை நாளில் சமையலறைக்கும் இசைத்துறைக்கும் இடையே மூலப்பொருள் தகராறு எழும். அதில் சமையலறையே வெல்லும் என்பது களத்தில் கண்ட உண்மை.

எஞ்சியிருப்பது ஒலிக் கட்டுப்பாடு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கச் செயலாளர்கள் மூலமாகவும், தனி வீடுகளில் பாட்டிமார் மூலமாகவும் இது நடைபெறுகிறது. செயலாளர்கள் சுற்றறிக்கை அனுப்புவார்கள். அதை மழலையருக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிமார் கையாளும் கோட்பாடு மேலும் பழைமையானது. பொழுது சாய்ந்தபின் சீழ்க்கை அடித்தால் பாம்பு வரும் என்பது அது. பீப்பிக்கும் அதை நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள். பாம்புக்குப் புறச்செவி இல்லை என்று உயிரியல் நூல்களைக் காட்டி இவ்வாய்வாளர் மறுக்கலாம்; ஆனால் அக்கோட்பாட்டின் நோக்கம் பாம்பைப் பற்றியதன்று, ஏழு மணித் தொடரைப் பற்றியது என்பதால் மறுப்பு செல்லாது. அன்றியும், அது வேலை செய்வதில்லை.

‘விளக்கு வெச்ச நேரத்துல ஊதாதடா, பாம்பு வந்துரும்’ என்கிறாள் பாட்டி.

‘எவ்ளோ பெரிய பாம்பு பாட்டி?’ என்று கேட்டுவிட்டு, அவன் இன்னும் நீளமான பீப்பிக்கு இலை தேடிப் போகிறான்.