மாரியஸின் இன்னொரு கால்

ரோமாபுரியில் ஏழு முறை கான்சல் நாற்காலியில் உட்கார்ந்தவர் காயஸ் மாரியஸ். வடக்கிலிருந்து திரண்டு வந்த டியூட்டன்களையும் சிம்ப்ரிகளையும் துவைத்துக் காயப்போட்டவர். அப்பேர்ப்பட்ட தளபதிக்கு இரண்டு கால்களிலும் சிரைகள் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொண்டு நின்றன. இன்று ஊரெல்லாம் வெரிகோஸ் வெயின் என்கிற அதே சங்கதி. புளூட்டார்க் எழுதியதைப் பார்த்தால் மாரியஸுக்கு உறுத்தியது அதன் அவலட்சணம்தான். ஆக, ரோமானியக் குட்டை அங்கிக்குக் கீழே கால் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஆபரேஷன் இது.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து என்றால் கயிறுதான். நோயாளியைக் கட்டிப்போட்டுவிட்டு அறுப்பார்கள். மாரியஸ் கட்ட விடவில்லை. நின்றபடியே செய்துகொண்டார் என்று பிளினி வியக்கிறார். முகம் சுளிக்கவில்லை, முனகவில்லை. ஒரு கால் முடிந்தது. வைத்தியர் உற்சாகமாக அடுத்த காலுக்கு நகர்ந்தபோது மாரியஸ் தடுத்துவிட்டார். இத்தனை வலிக்கு இந்த வைத்தியம் தகாது, போதும் என்றாராம்.

வீரத்தைப் பாடுகிறவர்களுக்கு முதல் கால் பிடிக்கும். எனக்கு இரண்டாவது காலைத்தான் பிடிக்கும். வைத்தியத்தைப் பற்றி நோயாளி சொன்ன இவ்வளவு நேர்மையான விமரிசனம் அபூர்வம். மாரியஸின் சொந்த ஊர்க்காரரான சிசரோ இரண்டு கால்களுக்கும் நியாயம் செய்தார்: ஆண்மகன் என்பதால் பொறுத்தார், மனுஷன் என்பதால் வேண்டாத வலியை மறுத்தார் என்கிற மாதிரி. மருத்துவர்களுக்கோ அந்த மறுப்பு காதில் விழ இரண்டாயிரம் வருஷம் பிடித்தது.

எகிப்தியர்கள் இதைவிட உஷார். சுமார் 3,500 ஆண்டுப் பழமையான ஈபர்ஸ் பாப்பிரஸ், காலில் பாம்பு போல நெளியும் வீக்கத்தில் கத்தி வைக்காதே என்று எச்சரித்தது. ரோமானியர்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. செல்சஸ் தன் மருத்துவ நூலில் முறையை விலாவாரியாகவே எழுதிவைத்தார்: நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கீறல், அதில் மழுங்கிய கொக்கி, சிரையைத் தூக்கி அறுத்து இழு. பிடிக்காவிட்டால் சூட்டுக்கோல் இருக்கிறது.

இடையில் பல நூற்றாண்டுகள் கட்டு, களிம்பு, கொக்கி என்றே ஓடின. 1853-இல் பிரான்ஸில் பிரவாஸ் ஊசிக்குழலோடு வந்தார். ரத்தக்குழாய்க்குள் இரும்பு பெர்குளோரைடைச் செலுத்தி ரத்தத்தை உறைய வைப்பது அவர் யோசனை. அதைக் கால் சிரைக்கும் கொண்டுபோனார்கள். கிருமிகளைப் பற்றி யாருக்கும் தெரியாத காலம். ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றும் தெரியாது. சிரை மூடியதோ இல்லையோ, கால் சீழ் பிடித்தது. 1894-இல் லியோன் மாநாட்டில் கூடிய மருத்துவர்கள் இந்த வைத்தியமே வேண்டாம் என்று கைகழுவினார்கள். ஊசி போடும் முன் கழுவியிருக்கலாம்.

அதற்குள் 1890-இல் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் உருப்படியாக ஒன்றைச் சொல்லியிருந்தார். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானால் மேலே போக வேண்டிய ரத்தம் கீழேயே இறங்கித் தேங்குகிறது. ஆகவே தொடையில் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். இவ்வளவு எளிதாக முடிந்தால் அறுவை மருத்துவர்களுக்கு என்ன மரியாதை? 1908-இல் ரிண்ட்ஃபிளைஷ் காலைச் சுற்றிச் சுருளாகவே வெட்டி, தையல்கூடப் போடாமல் தானாக ஆறட்டும் என்று விட்டார். மாரியஸ் பார்த்திருந்தால் முதல் காலையும் காட்டியிருக்க மாட்டார். அமெரிக்கர்கள் கொஞ்சம் கருணை உள்ளவர்கள். 1905-இல் கெல்லரும் 1907-இல் பேப்காக்கும் சிரைக்குள் கம்பி நுழைத்து, பாவாடை நாடாவை உருவுவது போல மொத்தமாக உருவிவிட்டார்கள். அந்த நூற்றாண்டு முழுக்க அதுதான் ராஜ வைத்தியம்.

ஊசி திரும்பி வந்தது சிபிலிஸ் புண்ணியத்தில். அந்த நோய்க்குக் கை சிரையில் மருந்து ஏற்றியபோது சிரை கெட்டியாகி அடைத்துக்கொண்டது. கையில் தொல்லையாக இருப்பது காலில் வைத்தியமாகலாமே என்று சிகார் போன்ற மருத்துவர்கள் யோசித்தார்கள். 1956-இல் சுவிட்சர்லாந்தின் நுஷாட்டலில் தோல் மருத்துவர் ராபர்ட் முல்லர் செல்சஸின் கொக்கிக்கு மறுபிறவி கொடுத்தார். இந்த முறை கீறல் ஊசித்துளை அளவு, மரத்துப்போகும் மருந்து உண்டு, முடிந்ததும் நோயாளி நடந்தே வீட்டுக்குப் போனார். சக மருத்துவர்கள் நம்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காத வைத்தியத்தை எந்தக் காலத்தில் யார் நம்பியிருக்கிறார்கள்?

1999 வாக்கில் ரேடியோ அலை வடிகுழாயும் லேசர் இழையும் வந்துசேர்ந்தன. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி முழங்கால் பக்கம் ஒரு துளை, சிரைக்குள் இழை, சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீர். உள்ளிருந்து சுட்டுச் சிரையை மூடிவிடுவார்கள், ரத்தம் பக்கத்துச் சிரைகளில் போய்க்கொள்ளும். செல்சஸின் சூட்டுக்கோல்தான், உள்பக்கமாகப் போயிருக்கிறது. 2013-இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு வைத்திய வரிசையையே மாற்றியது: முதலில் சூடு, முடியாவிட்டால் மருந்தை நுரையாக்கிப் போடும் ஊசி, அதுவும் ஆகாவிட்டால்தான் கத்தி. அந்த நுரையைத் தயாரிக்க இத்தாலியர் தெஸ்ஸாரி கண்ட இயந்திரம் என்ன தெரியுமா? இரண்டு ஊசிக்குழல், நடுவே ஒரு மூவழிக் குழாய். முன்னும் பின்னும் தள்ளினால் நுரை தயார்.

தோலில் மாக்கோலமாகப் பரவும் சிலந்திச் சிரைகளுக்குள் இழை நுழையாது. அங்கே மெல்லிய ஊசிதான் கதி. அதில் போடும் பாலிடோகனால் முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக வந்தது. சிரையை மூடுவது அதன் பக்கவிளைவு. பல தடவை போக வேண்டும், மங்குவதற்கு முன் பழுப்பாகத் தெரியும், பொறுமை வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கையில் கொடுத்து அனுப்புவது ஒரு காலுறை. அமெரிக்காவின் டொலீடோ நகரப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட், நீச்சல் குளத்தில் நின்றால் தன் கால் வலி குறைவதைக் கவனித்து, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கும்படி அதை வடிவமைத்தார். நல்ல பொருள். ஆனால் அதை மாட்டுவதற்கு அடிவயிற்றிலிருந்து மூச்சு வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சயனோஅக்ரிலேட் பசை, அதாவது உடைந்த பொம்மையை ஒட்டும் பசையின் பங்காளி, சிரையை உள்ளேயே ஒட்டிவிடுகிறது. சூடு இல்லை, பல ஊசிகள் இல்லை. அதை விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலுறை தேவைப்படாதாம்.