நாற்பத்தொன்றோடு நிற்கலாம்

எங்கள் காலத்தில் ஓர் எண் முதன்மை எண்ணா என்று கண்டுபிடிக்க, கெலிஓயாவிலிருந்து பேராதனை வரைக்கும் கோச்சிப் பயணம் வேண்டும். அப்போது தடித்த மட்டை டிக்கட். அதில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் அதை என் கையில் தந்துவிடுவார். தாள், பேனை எதுவும் கிடையாது, மனக்கணக்குத்தான்.

ஒரு நாள் 1847 வந்தது. ஒற்றை எண். இலக்கங்களைக் கூட்டினால் 20, ஆகவே 3ஆல் போகாது. 5ஆலும் போகாது. 7ஆல் வகுத்தால் மீதி 6, 11ஆல் மீதி 10, 13ஆல் மீதி 1. மயிரிழையில் தப்பிவிட்டதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 41 வரை வந்ததும், "போதும் தம்பி, நிப்பாட்டு" என்றார். 43ஐ 43ஆல் பெருக்கினால் 1849. 1847ஐ இரண்டு சிறிய எண்களின் பெருக்கமாகப் பிரிக்க முடியுமென்றால், அதில் ஒன்றாவது 43க்குக் கீழே அகப்பட்டிருக்க வேண்டும். அகப்படவில்லை, ஆகவே முதன்மை எண். எதுவரை தேடினால் போதும் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்குக் கணிதம் பிடித்துப்போனது அந்த இடத்தில்.

இராமானுஜன் தேடியது இதற்கு நேர் எதிரான எண்களை. 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1915இல் வந்தது. அதற்காகத்தான் மறு வருடம் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது முறையாக வெளிவந்தது 1997இல். கையால் போட்ட அவருடைய அட்டவணையில் 293318625600 விடுபட்டிருந்தது. ஏறக்குறைய 29,332 கோடி! அந்த உயரத்தில் ஒன்று தவறியதைவிட, மற்றவற்றை எப்படிப் பிடித்தார் என்பதுதான் என்னை இன்னமும் மலைக்க வைக்கிறது.

இப்போது ஓ.எல். படிக்கும் என் பேத்தி அந்த எண்ணைப் போனில் போட்டாள். "5040 காரணி, தாத்தா" என்றாள், கண் மூடித் திறப்பதற்குள். நல்ல வசதி, எனக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்த 5040 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதை என்னால் விட முடியவில்லை. கொப்பியை எடுக்கச் சொன்னேன். முதன்மைக் காரணிகளாக உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5உம் 7உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. 2ஐ ஒன்றுமே எடுக்காமல் விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி. இப்படியே 7, 5, 3, 3, பிறகு நாலு 2. பெருக்கிப் பார்த்தாள், 5040.

சரி, 5040க்கு எத்தனை காரணி என்று கேட்டேன். போனைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் எழுதிவிட்டு 60 என்றாள். நான் கேட்காமலே, 60க்கு 12 என்றும் சொன்னாள்.