இன்னும் ஒரு காயில்தான்

சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் மஞ்சள் பை, பைக்குள் கப்பாசிட்டர். வீட்டில் கேட்டால் "மிக்ஸிக்கு ஸ்பேர்" என்பார். மிக்ஸி காலமாகி ரொம்ப நாளாயிற்று. அதன் செம்புக் கம்பிதான் இப்போது அவருடைய காந்தத் துப்பாக்கியில் முதல் காயில்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். மருந்து கிடையாது, புகையும் கிடையாது. பிளாஸ்டிக் குழாயின் மேல் கம்பிச் சுருள் (அதுதான் காயில்), அவ்வளவுதான். கப்பாசிட்டரில் தேக்கிய மின்சாரத்தை அதில் திறந்துவிட்டால் சுருள் காந்தமாகி இரும்பு ஆணியை உள்ளே இழுக்கும். ஆணி நடுவுக்கு வருவதற்குள் மின்சாரம் நின்றுவிட வேண்டும். நின்றால் ஆணி மறுபக்கம் பாயும். நிற்காவிட்டால் இழுத்த காந்தமே அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். நம்மவருடைய ஆணி பெரும்பாலும் குழாயைத் தாண்டுவதில்லை. உள்ளேயே போய் வந்து 'டொக்' என்று நிற்கும். "பார்த்தீங்களா, பின்னாடி இழுக்குது! அதான் பிராப்ளம்" என்று முகம் மலர்வார். கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டாலே இந்த ரகத்தாருக்குப் பரம திருப்தி.

அவருடைய குலதெய்வம் நார்வே விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்கலாந்து. 1901-இல் மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை வாங்கிய மனிதர். 1903-இல் பல்கலைக்கழக மண்டபத்தில் பிரமுகர்களைக் கூட்டிவைத்துச் சுட்டுக் காட்டினார். ஷார்ட் சர்க்யூட் ஆகி, நெருப்பும் பேரிரைச்சலும் கிளம்பி, சபை அலறிப் போயிற்று. ஆனால் அதே மின்பொறியை வைத்துக் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க வழி கண்டார்; அதிலிருந்து 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற கம்பெனியே பிறந்தது. வீட்டில் ஃப்யூஸ் போகும்போதெல்லாம் நம்மவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

"அவருக்கு உரம் கிடைச்சுது. நமக்கு ஃப்ரிட்ஜிலே பால் திரிஞ்சுதுங்க" என்பார் அவர் மனைவி.

கணக்கையும் பார்த்துவிடலாம். பழைய கேமரா ஃபிளாஷிலிருந்து கழற்றிய கப்பாசிட்டர் 330 வோல்ட், 120 மைக்ரோஃபாரட் என்றால் அதில் அடங்குவது சுமார் ஆறரை ஜூல். வீட்டில் சுற்றிய ஒற்றைக் காயிலில் அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஆணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். மிச்சமெல்லாம் கம்பியில் சூடாகப் போகும். எதிர்வீட்டுப் பையனின் கவட்டை இதைவிட நன்றாக அடிக்கும். சொல்லிப் பாருங்கள், "அமெரிக்க நேவியே ரெயில்கன் ஆராய்ச்சியை 2021-இல் நிறுத்திடுச்சு சார். நாமதான் விடாம பண்ணிட்டிருக்கோம்" என்பார். ரெயில்கன்னும் மின்சாரத்தில் சுடுவதுதான்; ஆனால் அதில் காயிலே கிடையாது, அது வேறு சாதி. அதெல்லாம் அவருக்கும் தெரியும். இருந்தாலும் 'நாம' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம்.

உண்மையில் அவருக்குச் சுடுவதில் ஆசையே இல்லை. குறிவைத்த தகர டப்பா இன்றுவரை நெளியாமல் மொட்டைமாடியில் நிற்கிறது. ஆசையெல்லாம் இரண்டாவது காயிலில். ஆணி ஒழுங்காகப் பாய்ந்துவிட்டால் அடுத்த மாதம் ரிச்சி தெருவுக்கு என்ன சாக்கில் போவது?

அவர் வீட்டுக்குப் போனால் காபி சாப்பிடுங்கள், பிர்கலாந்து கதையையும் கேளுங்கள். "பிளக்கைப் பிடுங்கியாச்சு, தைரியமா தொட்டுப் பாருங்க" என்றால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டருக்குள் மின்சாரம் இருக்கும்.